கைத்தடிக்கும் தோட்டாவுக்கும் இடையே: ஷாங்காயில் உருவான ஒரு காவல் பயிற்சி மரபு

1925 மே 30, சனிக்கிழமை. ஷாங்காய் பன்னாட்டுக் குடியிருப்பின் நான்கிங் சாலையில், லௌசா காவல் நிலையத்தின் வாயிலை நோக்கிக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே மாதம் 15ஆம் நாள் ஜப்பானியர் நடத்திய பஞ்சாலை ஒன்றில் கூ ஜெங்ஹோங் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதற்கு நீதி கேட்டுத் தெருவில் பேசிய மாணவர்கள் சிலரைக் காவலர்கள் பிடித்து உள்ளே வைத்திருந்தனர். அவர்களை விடுவிக்கக் கோரியே கூட்டம் கூடியது. நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் இன்ஸ்பெக்டர் எட்வர்ட் எவர்சன். அவருடன் இருந்த காவலர்களில் சீக்கியரும் சீனரும் அடங்குவர். எச்சரிக்கை விடுத்தார், கூட்டம் கலையவில்லை. சுட ஆணையிட்டார். குறைந்தது ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

சீன வரலாற்றில் 'மே 30 இயக்கம்' என்று பெயர்பெற்ற பேரெழுச்சிக்கு அந்தச் சில நொடிகளே தொடக்கமாயின. வேலைநிறுத்தங்களும் அந்நியப் பொருள் புறக்கணிப்பும் நகரம் நகரமாகப் பரவின. ஹாங்காங்கிலும் கான்டனிலும் ஜூன் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் 1926 அக்டோபர் வரை நீடித்தது. ஷாங்காய் நிகழ்வை விசாரிக்க அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் நீதிபதிகள் அமர்த்தப்பட்டனர். காவல் ஆணையர் மெக்யூவனும் எவர்சனும் பதவி விலகினர்.

அரசியல் வரலாறு இந்நிகழ்வைப் பலமுறை பேசியிருக்கிறது. காவல் பயிற்சியின் வரலாறு இதே நிகழ்விடம் வேறொரு கேள்வி கேட்கிறது. அந்த வாயிலில் நின்ற காவலர் ஒருவருக்குக் கைத்தடியை ஓங்குவதும் துப்பாக்கியைத் தூக்குவதும் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேறு என்ன கற்பிக்கப்பட்டிருந்தது? கற்பிக்க வேண்டியவருக்கே அது தெரிந்திருந்ததா?

இக்கேள்விக்கு விடையாக வாழ்நாளைச் செலவிட்டவர் வில்லியம் யுவர்ட் ஃபேர்பெர்ன். காவலர்களுக்குத் தற்காப்பு கற்பித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. கற்பிப்போருக்குக் கற்பித்து, தம் முறையைத் தாம் இல்லாத இடங்களிலும் வாழவைத்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலரில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் அவர்.

நகரமும் காவல்துறையும்

பன்னாட்டுக் குடியிருப்பு எந்தவொரு நாட்டின் குடியேற்றமும் அன்று. பிரிட்டன் மற்றும் அமெரிக்கக் குடியிருப்புகள் 1863இல் இணைந்து உருவான அந்நகரை, அயல்நாட்டு வணிகர்களின் செல்வாக்கில் இருந்த நகரவை ஆண்டது. அதன் காவல்துறை 1854இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பியக் காவலர்களுக்கு ஊதியம் மிகுதி. சீனக் காவலர்கள்மீது ஆட்சியாளர்களுக்கு நம்பிக்கை குறைவு. இவ்விரு காரணங்களாலும், 'போர்க்குடிகள்' என்ற பிரிட்டிஷ் கோட்பாட்டின் துணையாலும், 1880களின் நடுப்பகுதியில் பஞ்சாபிலிருந்து சீக்கியர்கள் கொண்டுவரப்பட்டனர்.

1936ஆம் ஆண்டில் இத்துறையின் மொத்த வலிமை 4,739. அவர்களில் சீனர் 3,466, சீக்கியர் 558, பெரும்பாலும் பிரிட்டிஷாரான அயல்நாட்டவர் 457, ஜப்பானியர் 258. ஒரே சீருடைக்குள் நான்கு மொழியுலகங்கள். ஒரு பிரிவினருக்குச் சொல்லும் விளக்கம் மற்றொரு பிரிவினருக்குப் புரியாது. இங்கே பயிற்சி அளிக்க வேண்டுமானால் நீண்ட உரைகள் உதவா. கண்ணால் கண்டு, கையால் செய்து, உடலால் நினைவில் வைக்கக்கூடிய பாடமே பயன்படும். ஃபேர்பெர்னின் பிற்கால முறைக்கு அமைந்த எளிமையை விளங்கிக்கொள்ள இந்தச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும்.

அடிபட்டவர் மாணவரானார்

ஃபேர்பெர்ன் 1885 பிப்ரவரி 28இல் இங்கிலாந்தின் ரிக்மன்ஸ்வொர்த்தில் பிறந்தார். 1901இல், உரிய வயது நிரம்பும் முன்பே, அரச கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். கொரியாவின் சியோலில் பிரிட்டிஷ் தூதரகக் காவலில் பணியாற்றினார். 1907இல் ஷாங்காய்க் காவல்துறையில் சேர்ந்தார்.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் இரவு ரோந்தின்போது ஒரு கும்பலிடம் சிக்கிக் கடுமையாகத் தாக்கப்பட்டார் என்றும், மருத்துவமனையிலிருந்து மீண்டதும் ஒகாடா என்னும் ஜப்பானிய ஆசிரியரிடம் ஜுஜுட்சு கற்கச் சென்றார் என்றும் அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டதில் சற்றே அழகூட்டப்பட்ட கதையாக இது இருக்கலாம். அதன் பிறகு நடந்தவை ஐயத்துக்கு இடமற்றவை. அவர் நீண்ட காலம் மாணவராகவே இருந்தார். டோக்கியோவின் கோடோகன் ஜூடோ கழகத்தின் கறுப்புப் பட்டையைப் பெற்றார்; பின்னர் அதே கழகத்தில் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தார். சாய் சிங் துங் என்னும் சீன ஆசிரியரிடம் சீனக் குத்துச்சண்டையும் பயின்றார்.

அக்காலக் குடியேற்ற ஆட்சியின் மனநிலையில் இது எளிய செயல் அன்று. ஆளும் இனத்தைச் சேர்ந்த அதிகாரி, ஆளப்படுவோரில் ஒருவரிடம் குனிந்து வணங்கி, கீழே விழக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிறரைப் பயிற்சியாளராக்கும் தகுதிக்கு முதற்படி அதுவே. எல்லார் முன்னிலையிலும் விழுவதற்கு நாணாதவரே பிறருக்கு விழக் கற்பிக்க முடியும்.

கலையைக் குறைத்துக் கற்பித்தல்

ஜூடோவில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் தேவை. காவல் பணிக்குப் புதிதாக வருபவருக்குப் பயிற்சிக் கூடத்தில் கிடைப்பதோ சில வாரங்கள். வயது ஏறிய காவலரும் இருப்பார். உடல் பருத்தவரும் இருப்பார். அவர்கள் அனைவரையும் மல்லர்களாக்க இயலாது. ஆகவே ஃபேர்பெர்ன் தாம் கற்றவற்றுள் பெரும்பகுதியைக் கைவிட்டார். மணிக்கட்டுப் பிடி, முழங்கைப் பூட்டு, கழுத்தையோ சட்டையையோ பற்றியவரிடமிருந்து விடுபடும் வழி, கைது செய்தவரை அழைத்துச் செல்லும் முறை என விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றை மட்டும் நிறுத்தினார். இத்தொகுப்புக்கு 'டிஃபெண்டு' என்று பெயரிட்டு 1926இல் ஷாங்காயிலேயே நூலாக வெளியிட்டார். 1931இல் அது 'அறிவியல்முறைத் தற்காப்பு' என்னும் பொருள்தரும் தலைப்பில் நியூயார்க்கில் வெளிவந்தது.

இம்முயற்சியில் அவர் தனித்து நிற்கவில்லை. இந்தியக் காவல்துறை அதிகாரியான எச். ஜி. லாங், கைத்தடியைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் முறையை விளக்கும் நூலை 1923இல் லண்டனில் வெளியிட்டிருந்தார். பேரரசின் வெவ்வேறு மூலைகளில் காவல் அதிகாரிகள் ஒரே சிக்கலை எதிர்கொண்டிருந்தனர்: பல்லாண்டுக் கலையைச் சில வாரப் பாடமாக்குவது எப்படி?

தனிப்பட்ட வீரரும் பயிற்சியாளர்களின் பயிற்சியாளரும் பிரியும் இடம் இது. வீரர் தமக்குத் தெரிந்ததைப் பெருக்குகிறார். பயிற்சியாளர்களை உருவாக்குபவரோ, தம் மாணவர் தம் மாணவருக்குச் சொல்லும்போது சிதையாமல் எஞ்சுவது எது என்று ஆராய்ந்து, எஞ்சாததை முன்கூட்டியே நீக்கிவிடுகிறார். அந்த நீக்கலில்தான் ஃபேர்பெர்னின் மேதைமை இருந்தது. அதன் ஆபத்தும் அங்கேயே இருந்தது.

666 என்னும் எண்

ஃபேர்பெர்னைப் பற்றி எழுதுவோர் அவர் 600க்கும் மேற்பட்ட சண்டைகளில் ஈடுபட்டவர் என்று சொல்வதுண்டு. அவரும் எரிக் அந்தோனி சைக்ஸும் சேர்ந்து 1942இல் வெளியிட்ட கைத்துப்பாக்கி நூலில் 666 என்ற எண் காணப்படுகிறது. ஆயினும் அது தனி மனிதர் ஒருவரின் கணக்கு அன்று. பன்னிரண்டரை ஆண்டுகளில் காவல்துறை முழுவதும் ஆயுதம் தாங்கிய குற்றவாளிகளை எதிர்கொண்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை அது. சராசரியாக வாரத்துக்கு ஒன்று. அவற்றில் காவலர் 42 பேர் இறந்தனர், 100 பேர் காயமுற்றனர். குற்றவாளிகளில் 260 பேர் இறந்தனர், 193 பேர் காயமுற்றனர்.

தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இந்த எண், சரியாகப் புரிந்துகொள்ளப்படும்போது கூடுதல் மதிப்புப் பெறுகிறது. ஃபேர்பெர்ன் தம் ஒருவரின் அனுபவத்தை மட்டும் நம்பிப் பாடம் அமைக்கவில்லை. துறையின் பதிவேடுகளைப் படித்தார். மோதல்கள் பெரும்பாலும் மிக அருகில், மங்கிய ஒளியில், எதிர்பாராத நொடியில் நடந்தன. சுடுதளத்தில் நின்று நிதானமாகக் குறிபார்க்கும் பழக்கம் அந்நொடியில் உதவவில்லை. எனவே இலக்குப் பலகைகளுக்கு அப்பால், திடீரென எதிரி தோன்றும் அறைகளும் இருண்ட வழிகளும் கொண்ட பயிற்சி இல்லம் ஒன்றை அமைத்தார். தெருவில் நடந்ததிலிருந்து பாடத்தை வகுப்பது என்னும் இம்முறை இன்று உலகெங்கும் காவல் பயிற்சியின் அடிப்படை.

ஆயினும் அதே எண்களை இன்னொருமுறை படிக்க வேண்டும். காவலர் தரப்பில் இறந்தவர்களைவிடக் காயமுற்றோர் மிகுதி. குற்றவாளிகள் தரப்பில் காயமுற்றோரைவிட இறந்தவர்கள் மிகுதி. சுட்டுக்கொண்டவை மட்டுமே இந்த அட்டவணையில் எண்ணப்பட்டன. சொல்லால் தணிக்கப்பட்ட சண்டைகளும், பிடித்து அடக்கிய கைதுகளும், துப்பாக்கி உறையிலேயே இருந்த இரவுகளும் அதில் இடம்பெறவில்லை. பயிற்சியாளர் எதை எண்ணுகிறாரோ அதையே கற்பிக்கிறார். எண்ணப்படாத அமைதிக்குப் பாடம் அமைவதில்லை.

நடுப்படி

மே 30க்குப் பின் நகரவை விழித்துக்கொண்டது. கலகங்களை எதிர்கொள்ளவென்றே 'ரிசர்வ் யூனிட்' என்னும் சேமப்படை உருவாக்கப்பட்டு ஃபேர்பெர்னின் பொறுப்பில் விடப்பட்டது. அதற்கென அணிவகுப்பு முறைகள், தடிகள், கேடயங்கள், கண்ணீர்ப்புகை, குண்டு துளைக்காத கவசங்கள் ஆகியன வகுக்கப்பட்டன. கார்டன் சாலையிலிருந்த பயிற்சிக் கூடம் இந்தச் சோதனைகளின் களமாயிற்று. லௌசா வாயிலில் இல்லாமற்போன நடுப்படி இவ்வாறு கட்டப்பட்டது. இன்று உலக நகரங்கள் பலவற்றில் காணப்படும் கலகத் தடுப்புப் படைகளுக்கு ஷாங்காய்ச் சேமப்படையை ஒரு முன்னோடியாகக் கருதுவோர் உண்டு.

இதன் பயனை மறுக்க வேண்டியதில்லை. தோட்டாவுக்கு முன் வேறு வழி இருக்கும்போது உயிர்கள் எஞ்சும். ஆனால் இந்தத் தீர்வு கேள்வியின் ஒரு பாதியை மட்டுமே தொட்டது. மாணவர்கள் கேட்டது, தங்கள் நகரில் தங்களை ஆளும் உரிமை அயலாருக்கு எங்கிருந்து வந்தது என்பது. அதற்குப் பயிற்சிக் கூடத்தில் விடை இல்லை. ஆட்சியின் கையைப் பயிற்சி திறமையாக்கியது. அந்த ஆட்சியை நியாயமாக்கவில்லை.

இதன் சுமை சீக்கியக் காவலர்கள்மீது கூடுதலாக விழுந்தது. தலைப்பாகையைக் குறித்து 'ஹோங்தோ அசான்' என்று ஷாங்காய் மக்கள் அவர்களை இகழ்ந்து அழைத்தனர். ஆணையிட்டவர் ஆங்கிலேயராயினும் மக்களின் நினைவில் பதிந்தது தெருவில் நின்ற சீக்கியரின் முகம். சீக்கியர்களுக்குள்ளேயே விடுதலை எண்ணம் பரவியது. கதர் இயக்கத்தினர் அவர்களிடையே செயல்பட்டனர். பிரிட்டிஷாருக்கு விசுவாசமானவராக அறியப்பட்ட ஜமேதார் புத்தா சிங் 1927 ஏப்ரலில் காவல் நிலைய வாயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். தம் நாடு அடிமையாயிருக்க, இன்னொரு நாட்டாரை அடக்க அனுப்பப்பட்ட அம்மனிதர்களின் இரட்டை நிலைக்கு எந்தப் பிடியும் எந்தப் பூட்டும் உதவவில்லை.

தற்காப்பு கொலைக்கலையாக மாறியது

1940இல் ஃபேர்பெர்ன் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். போர் மூண்டிருந்தது. அவரும் சைக்ஸும் ராணுவப் பயிற்சியாளர்களாக அமர்த்தப்பட்டு, ஸ்காட்லாந்தின் லோகைலார்ட்டில் அதிரடிப் படையினருக்குக் கற்பித்தனர். அவ்விருவர் பெயரைத் தாங்கிய குத்துவாளும் அப்போது உருவானதே. 1942இல் கனடாவில் ஒன்டாரியோ ஏரிக்கரையிலிருந்த 'முகாம் எக்ஸ்' பயிற்சி நிலையத்துக்கும், பின்னர் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸுக்கும் ஃபேர்பெர்ன் சென்றார்.

1926ஆம் ஆண்டு நூலையும், 1942இல் அமெரிக்காவில் 'கெட் டஃப்' என்னும் தலைப்பில் வெளிவந்த நூலையும் அருகருகே வைத்தால் மாற்றம் தெளிவாகும். முன்னதில் பிடித்து அடக்குவது மேலோங்கி நிற்கிறது. எதிரே நிற்பவர் கைது செய்யப்பட வேண்டிய, நாளை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டிய மனிதர். பின்னதில் உள்ளங்கை விளிம்பின் வெட்டும் தாடையைக் குறிவைக்கும் அடியும் முன்னிலைக்கு வருகின்றன; எதிரே நிற்பவர் எதிரி நாட்டுப் படைவீரர். கற்பித்தவர் ஒருவரே. உடலின் அசைவுகள் பலவும் அவையே. அவற்றின் நோக்கம் நேர்மாறாகிவிட்டது. போருக்கு அது தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. சிக்கல் போர் முடிந்த பின்னரே தொடங்கியது.

வழிவந்தவர்கள்

ஃபேர்பெர்னின் மரபு மாணவர்கள் வழியாகப் பரவியது. ஷாங்காய்க் காவல்துறையில் பணியாற்றிய டெர்மட் 'பேட்' ஓ'நீல், அமெரிக்கரும் கனடியரும் இணைந்த முதலாம் சிறப்புப் படைக்கு நெருங்கிப் போரிடும் முறையைக் கற்பித்தார். ஓ.எஸ்.எஸ்.ஸில் ஃபேர்பெர்னிடம் பயின்ற ரெக்ஸ் ஆப்பிள்கேட் 1943இல் 'கில் ஆர் கெட் கில்ட்' என்னும் நூலை எழுதினார். கொல் அல்லது கொல்லப்படுவாய் என்பது அதன் பொருள். போர்க்களத்தில் அந்தத் தலைப்புக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்நூலின் பிற்காலப் பதிப்புகள் கலகத் தடுப்பையும் சேர்த்துக்கொண்டு, காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் உரியது என்று அறிவித்துக்கொண்டன. காவல் நிலையத்திலிருந்து போருக்குச் சென்ற பாடம், போரின் உடையை அணிந்தபடி காவல் நிலையத்துக்குத் திரும்பிவந்தது.

ஃபேர்பெர்னும் பின்னாளில் சைப்ரஸ், சிங்கப்பூர் ஆகிய இடங்களின் காவலர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1960 ஜூனில் இங்கிலாந்தில் காலமானார். அவரை வளர்த்த ஷாங்காய்க் காவல்துறை அதற்கு முன்பே, 1943இல், பன்னாட்டுக் குடியிருப்போடு சேர்ந்து மறைந்துவிட்டது. துறை மறைந்தது, நகரம் கைமாறியது, அதன் பயிற்சி முறை மட்டும் உலகெங்கும் நடமாடியது. எந்த மக்களை எந்த ஆட்சிக்காக அடக்க அது பிறந்தது என்ற நினைவு அதனுடன் பயணிக்கவில்லை.

எல்லையைக் கற்பிப்பவர் யார்?

நான்கு பயிற்சியாளர்களுக்குக் கற்பிக்கும் ஒருவர், அந்நால்வரும் ஆளுக்கு ஐம்பது பேருக்குக் கற்பித்தால், இருநூறு காவலர்களின் கைகளை இயக்குகிறார். அவருடைய அறிவு மட்டும் பெருகுவதில்லை. அவருடைய அச்சமும் பெருகுகிறது. தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் கொல்ல வருபவராகக் காணும் பார்வை அவரிடம் இருந்தால், அவர் முகத்தையே பார்த்திராத காவலரிடமும் அது போய்ச் சேரும். பாடத்தைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது எல்லையைப் பற்றிய பேச்சு. எப்படி அடிப்பது என்பதை ஒரு நாளில் காட்டிவிடலாம். எப்போது அடிக்கக் கூடாது என்பதைச் சொல்ல நெடுங்காலம் தேவை.

அமெரிக்காவில் அந்த எல்லையை வகுக்க நீதிமன்றம் முன்வர வேண்டியிருந்தது. தப்பியோடுபவரைச் சுடுவதற்கு 1985ஆம் ஆண்டின் டென்னசி எதிர் கார்னர் தீர்ப்பு வரம்பிட்டது. காவலர் பயன்படுத்தும் வலிமை நியாயமானதா என்பதை அளக்கும் அளவுகோலை 1989ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு வகுத்தது. அதன்பின் அங்கே தற்காப்புப் பயிற்சியாளர்களை உருவாக்குவோர் மல்லுப் பிடிகளோடு சட்டத்தையும் கற்பிக்கக் கடமைப்பட்டனர்.

இந்தியாவில் அந்த எல்லை சட்டநூலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது மரணம் விளைவிக்கும் உரிமை, கைதுக்கான பிரிவால் அளிக்கப்படவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவிலிருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவில் தொடர்கிறது. இவ்விதி வகுப்பறையில் ஒரு நாளும் தடிப் பயிற்சி மைதானத்தில் இன்னொரு நாளும் எனப் பிரிந்து கிடந்தால், காவலரின் உடல் மைதானத்தில் கற்றதையே நினைவில் வைத்திருக்கும். இரண்டையும் ஒரே ஆசிரியர், ஒரே பாடத்தில், ஒரே மூச்சில் கற்பிக்கும்போதுதான் சட்டம் கைக்கு இறங்கும்.

மீண்டும் லௌசா நிலையத்தின் வாயிலுக்கு வரலாம். பஞ்சாபின் ஏதோவொரு சிற்றூரிலிருந்து வந்த காவலர் அங்கே நிற்கிறார். எதிரே, அவர் மொழி அறியாத மாணவர்கள். பின்னால், அவர் நாட்டையும் ஆளும் இனத்தைச் சேர்ந்த அதிகாரியின் குரல். அவருக்குக் கற்பித்தவர் ஒருவர் இருந்தார். அந்த ஒருவருக்குக் கற்பித்தவரும் எங்கோ இருந்தார். தோட்டா புறப்பட்டது காவலரின் விரலிலிருந்து. அதற்கு முன் அவருக்கு வேறு வழி எதுவும் கைவரப் பழக்கப்படாமற்போனதன் பொறுப்பு, அன்று தெருவில் இல்லாதவர்களையும் சேரும்.